கம்ப்யூட்டருக்குள் ஒரு கிணற்றடிக் கோளாறு!

மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் வரவில்லை!

கோவில்பட்டி கரிசல் காட்டில் கிணறு வைத்திருக்கும் விவசாயிக்கு இது புதிது அல்ல. மோட்டாரின் சத்தத்தைக் கேட்டதுமே, "குழாயில் காற்று புகுந்துவிட்டது" என்று சொல்லிவிடுவார்.

சுவிட்சை நிறுத்துவார். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து பம்பில் ஊற்றுவார். உள்ளே இருக்கும் காற்று 'குபுகுபு' என்று வெளியே வரும். குழாய் நிரம்பியதும் சுவிட்சைப் போடுவார். தண்ணீர் பொங்கிக்கொண்டு வரும்!

இதே கோளாறு கம்ப்யூட்டருக்குள்ளும் வரும் என்றால் நம்புவீர்களா?

வரும்! சில கம்ப்யூட்டர்களுக்குள்ளும் தண்ணீர் ஓடுகிறது. அங்கும் பம்பு உண்டு. குழாய் உண்டு. காற்று புகுந்து கலகம் செய்வதும் உண்டு.

தண்ணீர் எதற்கு?

கம்ப்யூட்டரின் மூளை, 'பிராசசர்' என்னும் சில்லு. தீப்பெட்டியை விடச் சிறியது. ஆனால் சக்தி மிகுந்த பிராசசர் முழு மூச்சுடன் வேலை செய்யும்போது 200 வாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கும். அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு இரண்டை அந்தச் சிறு இடத்தில் எரிய விட்டால் எப்படி இருக்கும்? அவ்வளவு சூடு!

இந்தச் சூட்டைப் போக்கப் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் மின்விசிறி இருக்கிறது. அது போதாதவர்கள் தண்ணீரை நாடுகிறார்கள். ஒரு படி காற்று சுமக்கும் சூட்டைப் போல 3 ஆயிரம் மடங்குக்கு மேல் சுமக்கும், ஒரு படி தண்ணீர்!

தொட்டியில் இருந்து பம்பு தண்ணீரைத் தள்ளும். பிராசசர் மீது ஒட்டியிருக்கும் செம்புத் தகட்டுக்குள் அது புகுந்து சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு, லாரியில் இருப்பது போன்ற சிறிய ரேடியேட்டருக்குப் போகும். அங்கே மின்விசிறி சூட்டை வெளியே தள்ளிவிடும். ஆறிய தண்ணீர் மீண்டும் தொட்டிக்கு வரும்.

குமிழி செய்யும் கலகம்

கல்யாண வீடியோ தொகுத்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுப் பணத்தை எடுத்து, உறுப்பு உறுப்பாக வாங்கி, இப்படி ஒரு கம்ப்யூட்டரைத் தானே பூட்டியிருக்கிறார். நாளைக்கு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும்.

திடீரென்று உள்ளே 'கலகல' என்று சத்தம். வேலை மெதுவாகிறது. சிறிது நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகவே நின்றுவிடுகிறது!

என்ன நடந்தது? செம்புத் தகட்டுக்குள் மெல்லிய பள்ளங்கள் உண்டு. ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவு. அங்கே காற்று தங்கினால் தண்ணீர் சில்லின் சூட்டை வாங்க முடியாது. சூடு எல்லை மீறினால், தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசர் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மிஞ்சினால் கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

இதை விடப் பெரிய ஆபத்து, பம்புக்குள் காற்று சேருவதுதான். இந்தப் பம்புகளுக்குத் தண்ணீர்தான் மசகு. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் பம்பு தேய்ந்து வீணாகிவிடும்!

திருச்சியில் ஓடும் தண்ணீர்

தண்ணீர் குளிர்ச்சி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் அல்ல. திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு ராட்சதக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் பெயர், 'பரம் பொருள்'! 2022-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி அது தொடங்கி வைக்கப்பட்டது. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறன் கொண்டது. அதன் சூட்டைத் தணிப்பதும் குழாயில் ஓடும் திரவம்தான்.

அமெரிக்காவில் 1985-ம் ஆண்டில் வந்த 'கிரே-2' என்ற கம்ப்யூட்டர் இன்னும் வேடிக்கையானது. மின்சாரம் பாயாத ஒரு திரவத்தில் அதன் உறுப்புகளையே மூழ்க வைத்திருந்தார்கள். அதற்குக் கிடைத்த செல்லப் பெயர், 'குமிழிகள்'!

காற்றை விரட்டும் வழி

காற்று எப்போதும் மேலே ஏறும். இதுதான் ரகசியம்!

ஆகவே, தொட்டியை மற்ற உறுப்புகளை விட உயரத்தில் வைப்பது நல்லது. பம்பை உச்சியில் வைக்கவே கூடாது. அதைத் தொட்டிக்குக் கீழே வைக்க வேண்டும்.

முதலில் பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும். மற்ற உறுப்புகளுக்குக் கொடுக்கக் கூடாது. தொட்டியை நிரப்பி, சில நொடிகள் பம்பை ஓட்ட வேண்டும். தண்ணீர் மட்டம் இறங்கும். உடனே நிறுத்தி, மீண்டும் நிரப்ப வேண்டும். மட்டம் இறங்காமல் நிற்கும்வரை இப்படியே செய்ய வேண்டும்.

பிறகு பம்பை நிறுத்தி, தொட்டியின் மூடியை இறுக்கிவிட்டு, பெட்டியை முன்னும் பின்னும் மெல்லச் சாய்க்க வேண்டும். மூலையில் ஒளிந்திருக்கும் குமிழிகள் இடம் பெயரும். பெட்டியை நிமிர்த்தி வைத்துப் பம்பை ஓட்டினால் அவை தொட்டிக்கு வந்து சேரும்.

குழாய் இணைப்புகளின் கீழே காகிதத்தை விரித்து வைக்க வேண்டும். பல மணி நேரம் பம்பு ஓடிய பிறகும் காகிதம் நனையாமல் இருந்தால், ஒழுக்கு இல்லை என்று பொருள். அதன் பிறகுதான் கம்ப்யூட்டருக்கு மின்சாரம்!

சில நாட்களில் குமிழிகள் மறுபடி தோன்றினால் பயப்பட வேண்டாம். தண்ணீரிலேயே காற்று கரைந்திருக்கிறது. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் வருகின்றன அல்லவா? அதே கதைதான். தொட்டியில் மட்டம் குறைந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு நிரப்பினால் போதும்.

ஒரு எச்சரிக்கை! கிணற்றுத் தண்ணீரை ஊற்றக் கூடாது. அதில் உள்ள உப்பு படிந்து மெல்லிய பள்ளங்களை அடைத்துவிடும். வடித்த தண்ணீரையோ, இதற்கென்றே விற்கும் திரவத்தையோதான் ஊற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் தேவையானது பொறுமைதான். அவசரப்பட்டு சுவிட்சைப் போடுகிறவருக்குப் பணம் நஷ்டம், பொழுதும் நஷ்டம்.

காற்று வெளியேற வழி விட வேண்டும். குழாய் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மகனுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க, கிணறு வைத்திருக்கும் அப்பாவே போதும்!