ஆங்கில இறந்தகால எச்சமும் அதனைத் தொடரும் சிறு சொற்களும்

விழா மலரிலே கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைப்போர் பலர் உளர். அப்பணியை அவர்கட்கே விடுத்து, எமது வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்துவரும் சிறு பிழை ஒன்றனை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பிழை சிறிதாயினும் அதன் வேர் எம் தாய்மொழியின் இயல்பிலேயே ஊன்றியுள்ளது. ஆங்கிலச் சொற்களின் ஒலியைத் தமிழெழுத்தாற் குறிப்பதைப் படிப்போர் பொறுத்தருள்வாராக.

யாம் மாணவராய் இருந்த காலத்து ஆங்கில ஆசிரியர் ஒருவர், ‘எல்லோரும் அம்மனிதனைப் பார்த்துச் சிரித்தனர்’ எனப் பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதனைச் செயப்பாட்டு வினையாக மாற்றும்படி பணித்தார். ‘லாஃப்ட் அற் பை எவ்ரிபடி’ என்று எழுதவேண்டிய இடத்து எம்மிற் பெரும்பாலோர் ‘லாஃப்ட் பை எவ்ரிபடி’ என்றே எழுதினோம். ‘அற்’ என்பதும் ‘பை’ என்பதும் அடுத்தடுத்து நிற்றல் தவறென எண்ணி, ஒன்றை நீக்கிவிட்டோம். ஆசிரியர் எம்மைக் கடிந்திலர். “அச்சொல் பெயருக்கு உரியதன்று, வினைக்கு உரியது. அதனைப் பறிக்க உங்களுக்கு உரிமை இல்லை” என்று மாத்திரம் கூறினார். அக்கூற்றின் பொருளை முற்றும் உணர எமக்குப் பல்லாண்டுகள் சென்றன.

நாம் ஏன் அச்சொல்லைப் பறித்தோம்? தமிழில் வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டி நிற்பது. பெயர் எழுவாயாய் மாறும்போது உருபு உதிர்ந்துவிடும். பெயரெச்சத் தொடரிலும் அவ்வாறே நிகழும். ‘வீட்டில் இருந்தோம்’ என்பது ‘நாம் இருந்த வீடு’ என்றும், ‘பாயிற் படுத்தான்’ என்பது ‘அவன் படுத்த பாய்’ என்றும் வரும். ‘இல்’ உருபு மறைந்தும் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலத்திலோ முன்னிடைச்சொல் ஒட்டாது தனித்து நிற்பது. பெயர் முன்னே சென்றாலும் அச்சொல் வினையின் அருகிலேயே தங்கிவிடும். ‘இப்படுக்கையில் எவரும் படுத்திலர்’ என்பதைச் செயப்பாட்டு வினையாற் கூறும் ஆங்கிலேயர் ‘ஸ்லெப்ற் இன்’ என்றே முடிப்பர். இறுதியில் நிற்கும் ‘இன்’ எமக்கு மிகையாகத் தோன்றும். அவர்க்கோ அஃது இல்லையேல் வாக்கியமே இல்லை.

இனி, எச்சத்தின் பின் நிற்கும் சிறு சொற்கள் யாவும் ஓரினத்தன அல்ல. சில முன்னிடைச்சொற்கள், சில வினையடைகள். இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ‘விளக்கை அணை’ என்னும் பொருளுடைய ‘புற் அவுற்’ என்பதில், ‘அதனை’ என்னும் பொருட்டாகிய ‘இற்’ நடுவே புகுந்து ‘புற் இற் அவுற்’ என வரும். ஆதலால் ‘அவுற்’ வினையடை. ‘பராமரி’ எனப் பொருள்படும் ‘லுக் ஆஃப்ரர்’ என்பதில் ‘இற்’ நடுவே புகாது; இறுதியிலேயே நிற்கும். ஆதலால் ‘ஆஃப்ரர்’ முன்னிடைச்சொல். செயப்பாட்டு வினையில் இவ்விரண்டும் எச்சத்தை விட்டு நீங்கா. ஒலிக்கும்போது மாத்திரம் வேற்றுமை புலப்படும்: வினையடை பெரும்பாலும் அழுத்தம் பெறும்; முன்னிடைச்சொல் பெரும்பாலும் மெலிந்து ஒலிக்கும்.

‘நன்கு’, ‘புதிதாக’ என்னும் பொருளையுடைய வினையடைகளோ பெரும்பாலும் எச்சத்தின் முன்னே நிற்பன. இருபுறமும் துணை கொண்ட எச்சமும் உண்டு. நன்கு பராமரிக்கப்பட்ட குழந்தையை ‘வெல் லுக்ட் ஆஃப்ரர்’ என்பர். ‘வெல்’ எவ்வாறு பராமரிக்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றது. ‘ஆஃப்ரர்’ வினையின் பொருளையே ஆக்குகின்றது. அதனை நீக்கினால் எஞ்சுவது ‘பார்க்கப்பட்ட’ என்பதன் நிழலேயன்றிப் பராமரிப்பு அன்று.

சிறு சொல் மாறப் பொருள் மாறுதலுக்குச் சில காட்டுவாம். ‘நோன்’ என்பது ‘அறியப்பட்ட’ எனப் பொருள்படும். ‘நோன் ஃபோர்’ எனின் இன்ன சிறப்பாற் பெயர்பெற்ற; ‘நோன் அஸ்’ எனின் இன்ன பெயரால் வழங்கும்; ‘நோன் ரு’ எனின் இன்னாருக்குத் தெரிந்த; ‘நோன் பை’ என்பது பெரும்பாலும் இன்ன அடையாளத்தால் அறியப்படும் என்னும் கருத்தில் வரும். ‘மேட்’ என்பதும் அத்தகையதே. மரத்தாற் செய்த நாற்காலியில் மரம் மரமாகவே காணப்படுதலின் அது ‘மேட் ஒவ்’. மரக்கூழிலிருந்து வந்த கடதாசியில் மூலப்பொருள் உருமாறியமையின் அது ‘மேட் ஃப்றொம்’. ஒன்பது உறுப்பினரைக் கொண்ட குழு ‘மேட் அப் ஒவ்’. இங்கே வினையடையும் முன்னிடைச்சொல்லும் ஒருங்கே வந்தமை காண்க.

மனநிலையையும் உறவையும் குறிக்கும் எச்சங்களில் நாம் தமிழுருபை நேரே பெயர்த்தலால் வழுவுகின்றோம். ‘ஒருவருடன் மணமானவர்’ என எண்ணி ‘மறீட் வித்’ என எழுதுவோர் பலர். ஆங்கில வழக்கு ‘மறீட் ரு’ என்பதே. திருப்தியுற்றவரைக் குறிக்கும்போதோ ‘வித்’ என்பதே பொருத்தம். இவற்றுக்குக் காரணம் தேடுவதினும் வழக்கைக் கைக்கொள்வதே அறிவுடைமை.

எச்சமும் அதன் வாலும் ஒன்றாய் இறுகி, பெயருக்கு முன் அடையாகவும் வரும். தேய்ந்துபோன சப்பாத்து ‘வோர்ன் அவுற்’ சப்பாத்து. வேண்டாத இடத்து எழுந்த சொல் ‘அன்கோல்ட் ஃபோர்’. இவ்வகைப் புணர்ச்சி நமக்குப் புதிதன்று. ‘கைவிடு’ என்பதிற் கையுமில்லை. ‘விட்டுக்கொடு’ என்பதிற் கொடுக்கும் பொருளுமில்லை. இரு சொற் கூடி மூன்றாம் பொருள் தோற்றுவித்தலை நம் மொழியும் நன்கறியும்.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லால் முடித்தல் ஆகாது என்னும் விதியும் எம் மாணவரைப் பெரிதும் மயக்கிற்று. 1672இல் டிறைடன் என்னும் புலவர் இவ்வழக்கைக் குறைகூறினார். பின்வந்த இலக்கணநூலார் பலர் அதனை விதியாகவே போற்றினர். 1926இல் வெளிவந்த தமது வழக்கியல் அகராதியில் ஃபௌலர் அதனை மூடநம்பிக்கை எனத் தள்ளினார். ‘லாஃப்ட் அற்’ போன்ற தொடர்களிலோ அச்சொல்லை வைப்பதற்கு வேறிடமே இல்லை.

இஃதெல்லாம் நுணுக்க வேறுபாடன்றோ, இதனால் வரும் கேடு யாது எனச் சிலர் வினவலாம். கணக்கெழுதும் இளைஞன் ஒருவன், நூல்களுக்குரிய பணம் செலுத்தப்பட்டது என்பதை ‘பெயிட் ஃபோர்’ எனக் குறியாது ‘பெயிட்’ என நிறுத்துவானாயின், நூல்களே சம்பளம் பெற்றுக்கொண்டனவாய் முடியும்! ‘பெயிட் ஓஃப்’ எனின் கடன் முற்றும் தீர்ந்தது. ‘பெயிட் இன்’ எனின் பணம் வங்கியில் இடப்பட்டது. ஒரு சிறு சொல்லிற் கடனும் வரவும் தங்கியுள்ளன. இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. அறிவிற் குறைவில்லாத மாணவர் பலர் இச்சிறு சொற்களுக்கு அஞ்சி, நேர்முகப் பரீட்சையில் வாய்திறவாது இருந்துவிடுகின்றனர். தம் அறியாமை எனத் தாமே எண்ணி நாணும் அப்பிழை, உண்மையில் தாய்மொழிப் பழக்கத்தின் எதிரொலியே. இதனை அவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியரின் கடன்.

ஆதலின் மாணவர்க்கு யாம் கூறுவது இது: எச்சத்தைத் தனியே மனனஞ் செய்யற்க. அதன் வாலோடும், அது வாழும் முழு வாக்கியத்தோடும் குறிப்பேட்டில் எழுதுக, வாய்விட்டுப் படிக்குக. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றியபின் சிறு சொற்களை எண்ணிப் பார்க்குக. முன்னிருந்தது ஒன்றேனும் குறைந்திருப்பின், அதனைத் தேடி வினையின் அருகில் மீளவும் அமர்த்துக. அன்று கரும்பலகையின் முன் நின்ற எம் ஆசிரியருக்கு யாம் இறுக்கவேண்டிய கடன், இன்று இம்மலர் வாயிலாக ஒருசிறிதேனும் தீர்ந்ததாக எண்ணி மகிழ்கின்றோம்.