பழைய பாக்கியும் வசூல்காரர் போனும்

கடனில்லாக் கஞ்சி கால் வயிறு போதும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, "உங்க பேர்ல பாக்கி இருக்கு" என்று யாராவது போனில் சொன்னாலே நமக்குக் கை நடுங்குகிறது. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், சங்கத்தில் பலரும் என்னிடம் கேட்பது இந்த விஷயத்தைப் பற்றித்தான். எல்லோருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். நாக்பூரில் இரண்டு வருஷம், புனேயில் மூன்று வருஷம், பிறகு தில்லி என்று மாற்றலாகிப் போகிறோம். போகிற அவசரத்தில் போன் இணைப்பை ஒழுங்காக ரத்து செய்வதில்லை. கிரெடிட் கார்டை வெட்டிப் போட்டால் கணக்கு முடிந்தது என்று நினைத்து விடுகிறோம். பில் பழைய விலாசத்துக்கே போகிறது. ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், வட்டி என்று ஆயிரம் ரூபாய் பல ஆயிரமாக வளர்ந்த பிறகு, ஒருநாள் வசூல்காரர் இந்தியிலோ மராத்தியிலோ மிரட்டலாகப் பேசுகிறார். பாதி புரிகிறது, பாதி புரிவதில்லை. பயத்தில் "சரி, கட்டிடறேன்" என்று சொல்லி விடுகிறோம்.

நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். போனில் வாதாட வேண்டாம், எல்லாவற்றையும் காகிதத்துக்குக் கொண்டு வாருங்கள். போனில் பேசினால் பாஷையும் மிரட்டலும் அவர் பக்கம். காகிதம் என்று வந்துவிட்டால் சட்டம் இரண்டு பேருக்கும் பொது.

முதலில் கேட்க வேண்டியவை

எந்த நிறுவனத்தின் பாக்கி? கணக்கு எண் என்ன? எந்தத் தேதியில் விழுந்த பாக்கி? அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு? உங்களை நியமித்த கடிதம் எங்கே? இவற்றை எழுத்தில் கேளுங்கள். வங்கி அனுப்பும் ஏஜென்ட் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லியிருக்கிறது. கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டதாகச் சொன்னால், அதற்கும் எழுத்து ஆதாரம் கேளுங்கள். பிறகு அசல் நிறுவனத்தையே நேரடியாக விசாரியுங்கள். எண்ணை அந்த ஆள் கொடுத்த சீட்டிலிருந்து எடுக்காமல், பழைய பில்லிலிருந்து எடுங்கள். வசூல்காரர் வேஷத்தில் வருகிற மோசடிக்காரர்களும் உண்டு. அப்படி ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

மூன்று வருஷக் கெடு

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, அடமானம் இல்லாத சாதாரணப் பணப் பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷம்தான் அவகாசம். வீட்டு அடமானக் கடனுக்குப் பன்னிரண்டு வருஷம். கெடு தாண்டிப் போட்ட வழக்கை, எதிராளி சொல்லாவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 3-ஆவது பிரிவு.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கெடு முடிவதற்குள் "ஆமாம், பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம் ஓட ஆரம்பிக்கும். எழுத்து ஆதாரத்தோடு ஒரு பகுதிப் பணம் கட்டினாலும் அப்படித்தான். கெடு முடிந்த பிறகுகூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி புது ஒப்பந்தமாகவே செல்லும். "சும்மா ஒரு ஐந்நூறு ரூபா போடுங்க சார், ஃபைலை மூடிடறேன்" என்று வசூல்காரர் கெஞ்சுவதன் உள்ளர்த்தம் பல சமயம் இதுதான். தேதிகளைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டவோ ஒரு வரி எழுதவோ வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கெடு போனால் கடனே இல்லை என்று அர்த்தமில்லை. கோர்ட் வழி அடைபடுகிறது, அவ்வளவுதான். சிபில் போன்ற நிறுவனங்களின் பதிவில் அது நிற்கலாம். மகனுக்கு வீட்டுக் கடன் வாங்கப் போகும்போது இணைக் கடனாளியாக உங்கள் பெயரைச் சேர்த்தால் அது எதிரே வந்து நிற்கும். இந்தப் பதிவை வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம். முப்பது நாளுக்கு மேல் இழுத்தடித்தால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்ட ஈடு என்று 2023-ல் ரிசர்வ் வங்கி அறிவித்தது.

மின்சார பில்லுக்குத் தனி விதி இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56-ஆவது பிரிவுப்படி, பில்களில் தொடர்ந்து நிலுவையாகக் காட்டி வராத பழைய தொகைக்காக, இரண்டு வருஷத்துக்குப் பின் மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது. ஆனால் சிவில் வழக்குப் போடும் உரிமை இதனால் போய்விடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

மிரட்டினால்?

கடன் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல, அது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் வந்து பிடித்துப் போகாது. கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் மட்டும் கதை வேறு, அது குற்ற வழக்காகலாம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் கட்டளையிட்டது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. போன் கம்பெனி பாக்கி இதில் சேராது. அதற்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, பில் எந்த ஊரில் விழுந்திருந்தாலும், நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நம்மைப் போல் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

வக்கீல் நோட்டீஸ் வேறு, கோர்ட் சம்மன் வேறு. வழக்கு எண்ணும் கோர்ட் முத்திரையும் ஆஜராக வேண்டிய தேதியும் உள்ள சம்மன் வந்தால், கெடு முடிந்த கடன்தானே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஆள் வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு ஆகும், அதைப் பன்னிரண்டு வருஷம் வரை நிறைவேற்றலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கும், வருமானம் எதுவானாலும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

அப்பா வைத்த கடன்

ஒரு அம்மா என்னிடம் வந்து, "அண்ணா, அவர் போய் ஒரு வருஷம் ஆகலை, கார்டு பாக்கியை என் பையன் கட்டணுமாம், இல்லேன்னா அவன் வேலைக்கே ஆபத்துன்னு சொல்றாங்க" என்று அழுதார். "பையன் எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கானாம்மா?" என்றேன். இல்லை என்றார். அப்படியானால் இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து எவ்வளவோ, அதுவரைதான் வாரிசின் பொறுப்பு. அவன் சம்பளத்தைத் தொட முடியாது. தந்தை கடனை மகன் தீர்ப்பது தர்மம் என்ற பழைய இந்துச் சட்டக் கொள்கையை மட்டும் வைத்து, 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடனுக்காக மகன் மேல் வழக்குப் போட முடியாது. இதை எழுதிக் கொடுத்தோம். போன் வருவது நின்றது.

நியாயமான பாக்கி என்றால்

நிஜமாகவே நாம் பட்ட கடன் என்றால் தீர்த்துவிடுவதுதான் நல்லது. ஆனால் பேரம் பேசுங்கள், பெரும்பகுதி வட்டியாகத்தான் இருக்கும். ஒப்புக்கொண்ட தொகையைக் கடிதமாக வாங்கிக்கொண்டு, நிறுவனத்தின் கணக்கிலேயே கட்டுங்கள். ஏஜென்ட் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். குறைத்துக் கட்டினால் பதிவில் 'செட்டில்டு' என்று விழும். முழுதும் கட்டினால்தான் 'குளோஸ்டு'. பின்னால் கடன் வாங்கும் உத்தேசம் இருந்தால் இந்த வித்தியாசம் முக்கியம். லோக் அதாலத்திலும் பேசி முடிக்கலாம். வழக்குக்கு முந்திய அழைப்பில் சமரசம் ஆகாவிட்டால் உங்கள் மேல் உத்தரவு எதுவும் வராது. சமரசமாகிக் கையெழுத்துப் போட்டாலோ அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது.

அடுத்த மாற்றல் உத்தரவு வந்ததும், சாமான் கட்டுவதற்கு முன்பே போன், மின்சாரம், கேஸ், கார்டு நான்குக்கும் பாக்கியில்லைச் சான்று கேட்டு எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழ்களோடு அவையும் அதே ஃபைலில் இருக்கட்டும்.