பிரிய மறந்த மூளை

கருவிலிருக்கும் மூளை இரண்டாகப் பிரிய ஒரு புரதமும் அதோடு ஒட்டிய கொலஸ்ட்ராலும் தேவை. பிசகினால் விளைவு கொடூரமானது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆடு வளர்ப்பவர்களை 1950களில் ஒரு விபரீதம் நடுங்க வைத்தது. பிறந்த குட்டிகளில் சிலவற்றுக்கு முகத்தின் நடுவே ஒரே ஒரு கண். அவை பிழைக்கவில்லை.

அமெரிக்க விவசாயத் துறை ஆய்வாளர்கள் மேய்ப்பர்களோடு மலையில் தங்கி, ஆடுகள் எதைத் தின்கின்றன என்று கவனித்தார்கள். குற்றவாளி சிக்கியது: வெரட்ரம் என்ற அகன்ற இலைக் காட்டுச் செடி. சினையான 14ஆம் நாள் வாக்கில் தாய் ஆடு அதைத் தின்றால் குட்டிக்கு ஒற்றைக் கண். செடியிலிருந்த நஞ்சுக்கு சைக்ளோபமைன் என்று பெயரிட்டார்கள்.

உண்மையில் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். முன்மூளை வலம், இடம் என்று பிரிந்தால்தான் கண்களும் இரண்டாகும். இந்தக் குட்டிகளின் மூளை பிரியவே இல்லை.

அது ஏன் என்பதற்கு விடை ஈக்களிடமிருந்து வந்தது. 1980இல் கிறிஸ்டியான் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் இருவரும் பழ ஈயில் ஒரு மரபணுவைக் கண்டறிந்தார்கள். அது கெட்டால் ஈயின் புழு முள் முள்ளாக இருக்கும். எனவே 'ஹெட்ஜ்ஹாக்', அதாவது முள்ளெலி என்று பெயர். இருவரும் 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். முதுகெலும்புள்ள பிராணிகளிடம் 1993இல் கிடைத்த அதன் உறவு மரபணு ஒன்றுக்கு வீடியோ கேம் நாயகனான 'சானிக் ஹெட்ஜ்ஹாக்' பெயரையே வைத்தார்கள். 1996இல் இந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளும் ஒற்றைக் கண்ணோடு உருவாயின. மூளை பிரியாத குழந்தைகள் பிறந்த சில குடும்பங்களில் இதே மரபணு பழுதாகியிருந்ததும் அதே ஆண்டில் தெரியவந்தது.

இந்த மரபணு தரும் புரதம் பிறந்த கோலத்திலேயே வேலைக்குப் போவதில்லை. முதலில் தன்னைத்தானே இரண்டாக வெட்டிக்கொள்கிறது. வெட்டிய முனையில் ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறு ஒட்டிக்கொள்கிறது. மறுமுனையில் ஒரு கொழுப்பு அமிலம். கொலஸ்ட்ராலின் இந்தப் பங்கை 1996இல் கண்டறிந்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிலிப் பீச்சி குழு. மாரடைப்போடு சேர்த்தே பேசப்படும் கொலஸ்ட்ராலுக்கு மூளையைச் செதுக்கும் வேலையும் இருக்கிறது!

இப்படித் தயாரான புரதம் அருகிலுள்ள செல்களுக்கு அதிகமாகவும், தள்ளியிருப்பவற்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேர்கிறது. கிடைத்த அளவைப் பொறுத்தே, எந்த வகை நரம்புச் செல்லாவது என்பதை ஒவ்வொரு செல்லும் முடிவு செய்கிறது. செய்தியைப் பெறும் செல்லில் 'பேட்ச்டு' என்ற புரதம் 'ஸ்மூதண்ட்' என்ற இன்னொன்றை அடக்கி வைத்திருக்கும். செய்தி வந்ததும் பிடி தளர்கிறது; ஸ்மூதண்ட் விடுபட்டு மரபணுக்களை முடுக்குகிறது. சைக்ளோபமைன் முடக்குவது இந்த ஸ்மூதண்டைத்தான். தபால் வருகிறது, பிரித்துப் படிக்க ஆளில்லை.

மனிதக் கருவில் இந்த நாடகம் நடப்பது கருத்தரித்த 18 முதல் 28 நாட்களுக்குள். சுமார் 250 கருக்களில் ஒன்றுக்கு மூளை சரியாகப் பிரிவதில்லை என்று மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானவை கலைந்துவிடுகின்றன. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 10,000க்கு ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது. கொலஸ்ட்ரால் தயாரிப்பின் கடைசிக் கட்டம் பழுதான ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் நோயுள்ள குழந்தைகள் சிலரிடமும் இது காணப்படுகிறது.

நஞ்சே மருந்துக்கும் வழி காட்டியது. பெரியவர்களிடம் இதே சமிக்ஞை அடங்காமல் ஓடினால் ஒருவகைத் தோல் புற்றுநோய் வரும். ஸ்மூதண்டை முடக்கும் விஸ்மோடெகிப் மருந்தை அதற்காக 2012இல் அமெரிக்கா அனுமதித்தது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் கூடவே கூடாது. காரணத்தை ஐடஹோ ஆடுகள் முன்பே சொல்லிவிட்டன.

நமக்கு இதில் என்ன பாடம்? கர்ப்பத்துக்கு முன்பே தாய்க்கு நீரிழிவு இருந்தால் இந்தக் குறைக்கான வாய்ப்பு கூடுகிறது. இளம் வயதிலேயே சர்க்கரை நோய் எட்டிப்பார்க்கும் இந்தியாவில் இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமல்ல. எல்லாக் குறையையும் தடுக்க முடியாது. மரபணுப் பிழைக்குத் தாய் என்ன செய்வாள்? ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், சாப்பிடும் மருந்துகளை டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்வதும் கருத்தரிக்கும் முன்பே நடக்க வேண்டும். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் மூளை பிரியும் வேலை முடிந்துவிடுகிறது. பல பெண்கள் டாக்டரைப் பார்ப்பதே அதற்குப் பிறகுதான்.