நூற்றில் ஒரு பங்கு

தனுஷ்கோடிக்குச் செல்லும் நம் மக்கள், அங்கே இடிந்து நிற்கும் ஆலயத்தின் முன் சற்று நேரம் மௌனமாக நின்றுவிட்டுத் திரும்பி விடுகின்றனர். அவ்வூரின் புகைவண்டி நிலையத்தைத் தேடிப் பார்ப்போர் சிலரே. மணலில் நிற்கும் சில சுவர்களும், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய தூண்களுமே அங்கு எஞ்சியுள்ளன.

இந்த நிலையத்தைக் கிறிஸ்து பிறப்புக் குடிலில் சிறு வடிவில் செய்து வைக்க வேண்டும் என்று எம் பங்கின் இளைஞர் இருவர் விரும்பினர். முதலில் நான் தயங்கினேன். குடிலுக்குள் புகைவண்டி எதற்கு என்று கேட்போருக்கு என்ன விடை கூறுவது? ஆயினும் அவர்கள் அளவெடுக்கும் நாடாவோடு புறப்பட்டபோது தடுக்க மனம் வரவில்லை.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் வண்டி ஏறிக் கொழும்பை அடைவார். அந்நாளில் பாம்பனிலிருந்து இருப்புப்பாதை நேராகத் தனுஷ்கோடிக்கே சென்றது. இராமேசுவரம் ஒரு கிளைப்பாதையின் முனையாகவே இருந்தது. இன்று தனுஷ்கோடிக்குப் பாதையே இல்லை.

நூற்றில் ஒரு பங்கு என்னும் அளவை இளைஞர்கள் தேர்ந்து கொண்டனர். அது மீட்டர் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே சரியாக ஒரு மீட்டர். நூற்றில் ஒரு பங்கில் அது ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. பழைய புகைப்படங்களில் கட்டடத்தின் உயரம் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆனால் அதனருகே தண்டவாளம் தெரியுமாயின், அந்த இடைவெளியே அளவுகோலாகி விடுகிறது. இடிபாட்டில் உயரம் காணவும் ஒரு வழி கண்டனர். ஒரு வரிசைச் செங்கல்லைச் சாந்தோடு சேர்த்து அளந்து, எஞ்சிய சுவரில் வரிசைகளை எண்ணிப் பெருக்கினர். ஜல்லிக்குக் கடற்கரை மணலே போதுமானதாயிற்று. அரை மில்லிமீட்டர் மணல், நூறு மடங்கில் ஐந்து சென்டிமீட்டர்க் கல் அல்லவா! ஆனால் மணலுக்கு மணலையே தூவ முடியவில்லை. அது கற்குவியல் போலத் தோன்றிற்று. மல்துணியில் சலித்த மாவுபோன்ற தூளைத்தான் பரப்ப வேண்டியிருந்தது. எனக்கு இது மிகவும் வியப்பளித்தது.

கட்டடம் முடிந்த மாலையில், இளையவன் அதன் அருகே ஓர் அளவுகோலை நிறுத்திப் பார்த்தான். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த கடல் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரம் என்பர். மாதிரியில் அது ஏழு சென்டிமீட்டர். நிலையத்தின் கூரை அதற்குக் கீழே இருந்தது. அவன் ஒன்றும் பேசாமல் அளவுகோலை எடுத்துவிட்டான்.

அன்றிரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணி வண்டியில் ஆறு பெட்டிகள். 110 பயணிகளும் ஐந்து இரயில்வே ஊழியர்களும் இருந்ததாகக் கணக்கு. நிலையத்தை நெருங்கும் வேளையில் வண்டி முழுவதையும் கடல் கொண்டது. பாம்பன் பாலத்தின் 126 இரும்புத் தளங்களையும் புயல் அடித்துச் சென்றது. பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. வண்டியில் சென்றவர்களைத்தான் மீட்க இயலவில்லை.

இளைஞர்கள் வண்டியையும் அட்டையில் செய்திருந்தனர். ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். அதை வைப்பதா வேண்டாமா என்பதில் வாக்குவாதம் எழுந்தது. "வந்து சேராத வண்டியை நிலையத்தில் நிறுத்துவது பொய்யாகும், சாமி" என்றான் மூத்தவன். செங்கல்லை எண்ணியவனுக்கு அவ்வாறு பேச உரிமை உண்டு. நானும் அதையே எண்ணினேன்.

அப்போது எம் பங்கின் மூதாட்டி ஒருவர் அங்கே வந்தார். புயலின்போது அவருக்கு வயது பத்து. அவருடைய அண்ணன் அந்த வண்டியில் வந்தவர். உடல் கிடைக்கவில்லை, கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றுவதற்கு அக்குடும்பத்திற்கு ஒரு கல்லறை இல்லை. ஆண்டுதோறும் கல்லறைத் தோட்டத்துப் பெருஞ்சிலுவையின் அடியில் ஒரு திரி ஏற்றிவிட்டுப் போவார். அவர் நெடுநேரம் நிலையத்தைப் பார்த்திருந்தார். மேசையின் கீழே கிடந்த வண்டியையும் பார்த்தார்.

"தம்பி, அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கப்பா" என்றார்.

மூத்தவன் என் முகத்தை நோக்கினான். நான் விடை கூறவில்லை. செமினரியில் கற்றவற்றுள் இதற்கு உதவுவது எதுவும் எனக்கு நினைவில் வரவில்லை. அவன் வண்டியை எடுத்து, ஒவ்வொரு பெட்டியாகக் கோத்து, நடைமேடையின் ஓரமாக நிறுத்தினான். பின்னர் ஓர் அட்டையில், இவ்வண்டி இந்நிலையத்தை வந்தடையவில்லை என்று நாளும் நேரமும் குறித்து எழுதி வைத்தான்.

மூதாட்டிக்கு எழுத்து வாசிக்க வராது. அவர் மூன்றாம் பெட்டியைத் தொட்டு, "கதவு திறக்குமா?" என்று கேட்டார். கதவுகள் வெறும் வண்ணத்தால் தீட்டப்பட்டவை.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின் நான் குடில் பக்கம் சென்றபோது, மூன்றாம் பெட்டியில் ஒரு கதவு கத்தியால் அறுக்கப்பட்டு நடைமேடையின் பக்கம் திறந்திருந்தது.