பாடல் கேட்கத் தனி 'டிஏசி' கருவி தேவையா? எண்கள் இசையாக மாறும் விதமும், வாங்கும் முன் அறிய வேண்டியவையும்

புது தில்லி: கைபேசியிலும் மடிக்கணினியிலும் சேமிக்கப்பட்டுள்ள பாடல் உண்மையில் ஒலி அல்ல, எண்களின் நீண்ட வரிசை. அந்த எண்களை ஹெட்போனையும் ஸ்பீக்கரையும் இயக்கக்கூடிய மின் அலையாக மாற்றித் தருவது 'டிஜிட்டல்-அனலாக் மாற்றி'. ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக இது 'டிஏசி' என அழைக்கப்படுகிறது. உள்ளங்கையில் அடங்கும் தனி டிஏசி கருவிகள் சில நூறு ரூபாய் முதல் லட்சத்தைத் தாண்டும் விலை வரை விற்பனையாகின்றன. இவை யாருக்குப் பயன்படும், யாருக்கு வீண் செலவாகும் என்பதை, அவை இயங்கும் விதத்தை அறிந்தால் எளிதில் தீர்மானிக்கலாம்.

எண்கள் ஒலியாவது எப்படி?

ஒலிப்பதிவின்போது மைக்ரோபோனில் இருந்து வரும் மின் அலையின் உயரம் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளக்கப்பட்டு எண்ணாகக் குறிக்கப்படுகிறது. 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த சிடியில், ஒவ்வொரு வினாடிக்கும் 44,100 முறை இவ்வாறு அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக, அதாவது 65,536 படிநிலைகளுள் ஒன்றாகப் பதிவாகிறது. பாடலை இயக்கும்போது டிஏசி இந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. எண்களை வரிசையாகப் பெற்று, துல்லியமான கடிகாரத் துடிப்பின் உதவியுடன் உரிய நேரத்தில் உரிய மின்னழுத்தமாக மாற்றி, இறுதியில் வடிகட்டி ஒன்றின் வழியாக வெளியிடுகிறது.

எண்களாக வெட்டப்பட்ட இசை படிக்கட்டு போன்ற வடிவில்தான் வெளிவரும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியல்ல. ஒரு ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்கைவிட அதிக முறை அளந்தால், அந்த அலையை முழுமையாக மீட்டெடுக்கலாம் என்பது ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோரின் ஆய்வுகள் நிறுவிய கோட்பாடு. மனிதக் காது கேட்கும் எல்லை வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். சிடியின் 44,100 அளவுகள் அதற்குப் போதுமானவை. டிஏசியில் உள்ள வடிகட்டி படிகளை நீக்கி, தொடர்ச்சியான அலையாகவே ஒலியை வெளியிடுகிறது.

தனிக் கருவி ஏன் வந்தது?

ஒலி எழுப்பும் ஒவ்வொரு டிஜிட்டல் சாதனத்திலும் டிஏசி ஏற்கெனவே உள்ளது. எனினும் மூன்று காரணங்களால் தனிக் கருவியின் தேவை எழுகிறது. முதலாவது, ஹெட்போன் துளை இல்லாத கைபேசிகளின் பெருக்கம். ஆப்பிள் நிறுவனம் 2016இல் ஐபோன் 7 மாடலில் 3.5 மில்லிமீட்டர் துளையை நீக்கியது. பிற நிறுவனங்கள் பலவும் அதே வழியைப் பின்பற்றின. பழைய ஹெட்போனை இணைக்கப் பயன்படும் சிறிய 'டாங்கிள்' பலவற்றின் உள்ளேயே டிஏசி சிப் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது.

இங்குக் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. சில மலிவான டாங்கிள்களில் டிஏசி இருப்பதில்லை. அவை கைபேசியின் உள்ளே இருந்து வரும் அனலாக் ஒலியை அப்படியே கடத்துகின்றன. டைப்-சி துளை வழியாக அனலாக் ஒலியை அனுப்பாத கைபேசிகளில் இத்தகைய டாங்கிள்கள் இயங்காது. எனவே வாங்கும் முன் அதில் டிஏசி உள்ளதா என உறுதிசெய்வது அவசியம்.

இரண்டாவது காரணம் இரைச்சல். கணினியினுள் செயலி, மின்விசிறி, மின்வழங்கி ஆகியவை நெருக்கமாக இயங்குவதால் உண்டாகும் மின் இடையூறு, உள்ளமைந்த ஒலிச்சுற்றில் கலக்கக்கூடும். பாடல் ஓடாத நேரத்திலும் ஹெட்போனில் கேட்கும் மெல்லிய சீறல் இதன் அடையாளமாக இருக்கலாம். மாற்றும் பணியைக் கணினிக்கு வெளியே கொண்டுசென்றால் இது பெருமளவு குறையும்.

மூன்றாவது, ஒலிவலிமை. கைபேசிகளும் மடிக்கணினிகளும் 32 ஓம் அளவிலான சாதாரண ஹெட்போன்களை எளிதில் இயக்கும். ஸ்டுடியோக்களில் பயன்படும் 250 அல்லது 300 ஓம் ஹெட்போன்களுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. வீட்டுப் பயன்பாட்டுக்கான சிறிய டிஏசிகள் பலவற்றில் ஹெட்போன் பெருக்கியும் சேர்ந்தே இருப்பதால், இக்குறை அங்கு நீங்குகிறது.

ஸ்டுடியோவின் தேவை வேறு

ஒலிக்கலவை செய்யும் பொறியாளர் தாம் கேட்பதை நம்பியே முடிவெடுக்கிறார். கேட்கும் கருவி தாழ்ந்த ஸ்வரங்களை மிகைப்படுத்திக் காட்டினால், அவர் அவற்றைக் குறைத்துவிடுவார். பாடலைக் கேட்கும் அனைவருக்கும் அந்தப் பிழை சென்று சேரும். ஆகவே ஸ்டுடியோவில் டிஏசியிடம் எதிர்பார்க்கப்படுவது இனிமை அல்ல. எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் தருவது.

ஸ்டுடியோவுக்கான கருவிகளில் 'பேலன்ஸ்டு' இணைப்பும் இடம்பெறும். ஒரே ஒலியலை இரண்டு கம்பிகளில் நேரெதிராக அனுப்பப்படுகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால், மறுமுனையில் இரண்டின் வேறுபாட்டை எடுக்கும்போது இரைச்சல் நீங்கி ஒலி மட்டும் எஞ்சுகிறது. நீண்ட கேபிள்கள் பயன்படும் இடங்களில் இதன் பயன் அதிகம். மைக் இணைப்பதற்காக ஏற்கெனவே 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' வைத்திருப்பவர்கள், அதிலேயே டிஏசி இருப்பதால், பெரும்பாலும் தனியாக ஒன்றை வாங்க வேண்டியதில்லை.

பெரிய எண்கள் பெரிய இசையா?

விளம்பரங்களில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்கள் முன்னிறுத்தப்படுகின்றன. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இத்தரத்திலான பாடல்களையும் வழங்குகிறது. 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட தரத்தில் கேட்க வெளிப்புற டிஏசி தேவை என அந்நிறுவனமே குறிப்பிடுகிறது.

ஆனால், அந்த வேறுபாடு காதுக்குப் புலப்படுகிறதா என்பதில் ஆய்வுகள் எச்சரிக்கையான விடையையே தருகின்றன. மேயர், மோரான் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர ஒலியையும் அதைச் சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும் எது எதுவெனச் சொல்லாமல் கேட்கச் செய்தனர். 554 முயற்சிகளில் 49.8 சதவீதமே சரியான விடைகள். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு இணையான முடிவு இது. பின்னர் 2016இல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சரியான விடைகள் 52.3 சதவீதமாக இருந்தன. வேறுபாட்டை உணர முடியும் என்றாலும் அது மிகச் சிறியது என்பதே இதன் பொருள்.

ப்ளூடூத் பயன்படுத்துவோர் கவனத்துக்கு

ப்ளூடூத் ஹெட்போனுக்குக் கைபேசி எண்களையே அனுப்புகிறது. அவற்றை ஒலியாக மாற்றும் டிஏசி அந்த ஹெட்போனுக்குள் உள்ளது. எனவே கைபேசியில் டிஏசியை இணைத்து, ப்ளூடூத் வழியாகக் கேட்பதால் எந்த மாற்றமும் ஏற்படாது. உயர்தர ப்ளூடூத் முறைகளுள் ஒன்றான எல்டாக் வினாடிக்கு அதிகபட்சம் 990 கிலோபிட் தரவையே அனுப்புகிறது. சுருக்கப்படாத சிடி தர ஒலிக்கு 1,411 கிலோபிட் தேவை.

ரீங்காரத்துக்காக எர்த் இணைப்பை நீக்கலாமா?

டிஏசி, பெருக்கி, கணினி ஆகியவற்றை இணைக்கும்போது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த ரீங்காரம் கேட்பது பலர் எதிர்கொள்ளும் சிக்கல். கருவிகள் வெவ்வேறு பிளக்குகள் வழியாக எர்த்துடன் இணையும்போது அவற்றுக்கிடையே சுற்று உருவாகி, இந்தியாவில் வழங்கப்படும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அதிர்வு ஒலியில் கலப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

இதைப் போக்க மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்குவதும், இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகுவதும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், அதன் உலோக உறையைத் தொடுபவரின் உடல் வழியாக 230 வோல்ட் மின்சாரம் பாயக்கூடும். அனைத்துக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைப்பது, ஒளியால் தரவைக் கடத்தும் ஆப்டிகல் கேபிளைப் பயன்படுத்துவது, பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறுவது ஆகியவையே பாதுகாப்பான வழிகள். ஆப்டிகல் கேபிளில் மின்சாரம் பாயாததால் அந்தச் சுற்று அங்கேயே அறுபடுகிறது.

வாங்கும் முன்

தற்போதைய கருவியில் உள்ள குறை என்ன என்பதை முதலில் கண்டறிய வேண்டும். ஹெட்போன் துளை இல்லை, சீறல் கேட்கிறது, ஒலி போதவில்லை, ஸ்டுடியோ ஸ்பீக்கரை இணைக்க வழியில்லை ஆகிய நான்கில் ஒன்று விடையாக இருந்தால் டிஏசி பயன் தரும். இவற்றுள் எதுவும் இல்லை எனில், அதே தொகையை நல்ல ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ செலவிடுவது தெளிவாகக் கேட்கக்கூடிய மாற்றத்தைத் தரும். மோசமாகப் பதிவுசெய்யப்பட்ட பாடலை எந்த டிஏசியாலும் மேம்படுத்த முடியாது.

பெருக்கியுடன் கூடிய டிஏசியை வாங்குவோர், அதன் வெளியீட்டு மின்மறுப்பு தங்கள் ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருப்பதைச் சரிபார்ப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு இது 4 ஓம்.

ஒலிவலிமை கூடும்போது காதுகளுக்கான ஆபத்தும் கூடுகிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவிலும், சிறுவர்கள் 75 டெசிபல் அளவிலும் கேட்பதே உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள பாதுகாப்பான எல்லை. புதிய கருவியை இணைத்ததும் ஒலியளவை முழுவதும் குறைத்து வைத்துவிட்டு, பின்னர் படிப்படியாக உயர்த்துவதே பாதுகாப்பானது.