மூக்கு அறுவை சிகிச்சைக்கு முழு மயக்கம்: அச்சமும் உண்மையும்

மூக்கின் நடுச்சுவர் வளைவைச் சரிசெய்யவோ, சைனஸ் பகுதியில் வளர்ந்த சதையை அகற்றவோ நாள் குறிக்கப்பட்டவர்களில் பலர், அறுவை சிகிச்சையைவிட மயக்க மருந்துக்கே அதிகம் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் இயல்பானது, வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் அச்சத்தால் உண்மையை மறைப்பதுதான் ஆபத்தானது.

முழு மயக்கம் ஏன் தேவை?

மூக்கின் உட்பகுதி நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்தது. அறுவையின்போது கசியும் இரத்தம் தொண்டை வழியாக நுரையீரலுக்குள் இறங்கிவிடக் கூடாது. எனவே, மயக்கம் கொடுத்த பின்னர், பெரும்பாலும் வாய் வழியாக மூச்சுக்குழாயினுள் ஒரு குழாய் பொருத்தப்படும். அது ஆக்சிஜனைக் கொண்டு செல்வதுடன், இரத்தம் நுரையீரலுக்குள் புகாமலும் காக்கிறது.

மயக்கம் தெளியாமல் போய்விடுமா?

மயக்க மருந்து தொடர்ந்து கொடுக்கப்படும் வரையில்தான் மயக்கம் நீடிக்கும். நிறுத்தியபின் பெரும்பாலோர் சில நிமிடங்களில் கண் விழிக்கத் தொடங்குவர். அதுவரை மயக்கவியல் மருத்துவர் உடனிருந்து இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சுவாசம் ஆகியவற்றைக் கருவிகளின் துணையுடன் கண்காணிப்பார். உடல்நலம் நன்கு உள்ளவர்களுக்கு உயிராபத்து நேர்வது மிக அரிது. இதய நோய், நுரையீரல் நோய் போன்றவை இருப்பின் ஆபத்து சற்றுக் கூடும்; அதற்காகவே முன்கூட்டியே பரிசோதனைகள் செய்யப்படுகின்றன.

நடுவில் விழிப்பு வருமா?

இதுவும் அரிது. பிரிட்டனில் 2014-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வில், ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவரே இவ்வாறு விழிப்பு ஏற்பட்டதாகத் தெரிவித்திருந்தார்.

எவற்றை மறைக்கக் கூடாது?

• உட்கொள்ளும் எல்லா மருந்துகளும். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் இதில் அடங்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவோ தொடரவோ கூடாது.
• ஒவ்வாமை, ஆஸ்துமா, குறட்டையுடன் உறக்கத்தில் மூச்சுத் திணறல், அண்மையில் வந்த சளி, காய்ச்சல்.
• புகை, மது, மூக்குப்பொடிப் பழக்கங்கள்.
• ஆடும் பற்கள், கழற்றக்கூடிய பல் செட்.
• உங்களுக்கோ இரத்த உறவினருக்கோ மயக்க மருந்தால் முன்பு நேர்ந்த சிக்கல்.

வெறும் வயிறு ஏன்?

மயக்க நிலையில் வயிற்றிலுள்ளவை மேலேறி நுரையீரலுக்குள் செல்லக்கூடும். பொதுவாக, எளிய உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரமும், எண்ணெய்ப் பண்டங்கள், இறைச்சி போன்ற உணவுகளுக்கு 8 மணி நேரமும், தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும். உங்கள் மருத்துவர் கூறும் நேரமே இறுதியானது.

ஒருமுறை, அறுவை அரங்கின் வாயிலில், "காலையில் அரை டம்ளர் காப்பிதான் குடித்தேன்" என்று தயங்கியபடி ஒருவர் என்னிடம் கூறினார். பால் கலந்த காப்பியும் உணவாகவே கருதப்படும். சிகிச்சை மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவர் நலமாக வீடு திரும்பினார். கூறாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் எண்ணுவதுண்டு.

கண் விழிக்கும்போது

மூக்கில் பஞ்சு அல்லது துணித் திரி அடைக்கப்பட்டிருந்தால் மூக்கால் மூச்சு விட இயலாது. இதனை மூச்சுத் திணறல் என்று எண்ணிப் பதற வேண்டாம். வாயால் மெதுவாக மூச்சு விடுங்கள். முந்தைய நாளே சிறிது நேரம் அவ்வாறு பழகிக்கொள்வது நல்லது. தொண்டை வலி, குமட்டல் ஆகியவை பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தணியும். அடைப்பை நீங்களாக அகற்ற வேண்டாம். தொண்டைக்குள் இரத்தம் தொடர்ந்து இறங்கினால் விழுங்காமல் துப்பி, உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.

அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் உங்களைச் சந்திப்பார். உங்கள் சந்தேகங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, தயங்காமல் கேளுங்கள். நீங்கள் மறைக்காமல் கூறும் ஒவ்வொரு செய்தியும் உங்கள் பாதுகாப்பைக் கூட்டும்.