பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செயினைத் தொடுங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் பக்கமெல்லாம் சீமைக்கருவேலம்தான். கண்மாய்க்குள்ளும், தரிசாகப் போட்ட கரிசலிலும், குண்டாற்றின் கரையிலும் அதுவே நிற்கிறது. 1870களின் பிற்பகுதியில் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து அன்றைய சென்னை மாகாணத்தில் ஊன்றிய மரம் இது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னது. சில மாதங்களிலேயே அந்த வேலைக்கு இடைக்காலத் தடை வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு இதுபோன்ற ஆக்கிரமிப்பு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆனால் எந்த உத்தரவுக்கும் காத்திராமல், விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் இதை வெட்டும் வேலை இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. மழை பொய்த்த வருஷங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிந்ததே இந்த மரத்தால்தான்.

அந்த வேலைக்குக் கோடாலியும் அரிவாளும் போதும் என்றிருந்த காலம் போய், பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பம், அதாவது பெட்ரோல் மெஷின் வந்தது. இப்போது பேட்டரி மெஷின். வரப்பு முள்ளைக் கழிக்க ஒற்றைக் கையளவே உள்ள நான்கு அங்குல, ஆறு அங்குல மெஷின்கள். அடிமரத்தை அறுக்க 12, 14 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) கொண்ட 36 வோல்ட் மெஷின்கள். புகையில்லை, கயிற்றை இழுத்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அதனால் பெட்ரோல் மெஷினைத் தொடவே தயங்கியவர்களும் இதைத் துணிந்து வாங்குகிறார்கள். வாங்கும்போது கடைக்காரரே செயினை மாட்டித் தந்துவிடுவார். ஒரு வாரத்தில் அது தொய்யும், அல்லது கழன்று விழும். அதன் பிறகு எல்லாம் வாங்கியவர் கையில்தான்.

பெட்ரோல் மெஷின் ஓடுகிறதா இல்லையா என்பதைச் சத்தமே சொல்லிவிடும். பேட்டரி மெஷின் எப்போதும் ஊமையாகக் கிடக்கும். விசையில் விரல் பட்ட அந்தக் கணத்தில் செயின் சுழன்றுவிடும். பெரிய ரகங்கள் சிலவற்றில் அதன் வேகம் வினாடிக்கு 20 மீட்டரை எட்டும். மணிக்கு 72 கிலோமீட்டர். பூட்டுப் பொத்தான் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். மடியில் வைத்துத் திருப்பும்போது பொத்தானும் விசையும் ஒன்றாக அமுங்க வாய்ப்பு உண்டு. எனவே செயினைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, கைக்கு எட்டாத தூரத்தில் நிழலில் வைக்க வேண்டும். மாட்டுவது, இறுக்குவது, துடைப்பது, அரம் போடுவது என்று எந்த வேலைக்கும் இதுதான் முதல் படி. இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

அடுத்தது தோல் கையுறை. ஓடாத செயினும் கையைக் கிழிக்கும்.

செயினை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். மேலே வெட்டும் பற்கள், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என மாறி மாறி இருக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946இல் ஒரு வண்டின் புழு தன் தாடைகளால் மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துத் துளைத்துப் போவதைப் பார்த்தார். அந்தத் தாடையின் வடிவில் அவர் செய்த பல்லின் வழிவந்தவையே இன்று உலகமெங்கும் ஓடுகின்றன. கீழ்ப்பக்கம் இருப்பவை வெட்டாத பற்கள். அவை பாரின் காடிக்குள் இறங்கி ஓடும். மோட்டாரின் பல்சக்கரம் இழுப்பதும் அவற்றைத்தான். இந்தக் கீழ்ப்பற்கள் காடியை விட்டு வெளியே வந்தால் செயின் கழன்றுவிடும். டென்ஷன், அதாவது செயினின் இறுக்கம் பார்ப்பது முழுக்க இதைத் தடுப்பதற்காகத்தான்.

மாட்டும்போது முதலில் பிரேக்கைக் கவனிக்க வேண்டும். கைத்தடுப்போடு வரும் மெஷின்களில் அந்தத் தடுப்பைக் கைப்பிடியை நோக்கிப் பின்னால் இழுத்து, பிரேக்கை விடுவித்துக்கொள்ள வேண்டும். பிரேக் பிடித்திருந்தால் செயின் கையால் இழுத்தாலும் நகராது. ரொம்ப இறுகிவிட்டது என்று நினைத்து ஆள் தவறாகத் தளர்த்திவிடுவார். பிறகு பக்க மூடியின் நட்டைக் கழற்றி, காடியில் அடைந்திருக்கும் மரத்தூளைச் சுரண்டி எடுத்து, செயினைப் பாரின் நுனியிலிருந்து சுற்றிக்கொண்டு வர வேண்டும். பாரின் மேற்பக்கத்தில் இருக்கும் பற்களின் கூர், நுனியைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் மரம் அறுபடாது, புகைதான் வரும். அறுபடவில்லையே என்று ஆள் மேலும் அழுத்துவார். செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றி, டென்ஷன் திருகோடு நகரும் சிறு முளை பாரின் ஓட்டைக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே மூடியைப் போட வேண்டும். முளை உட்காராமல் நட்டை முறுக்கினால் மூடியோ முளையோ உடையும். நட்டை இப்போது விரலால் மட்டும் திருகினால் போதும்.

இறுக்கும்போது ஒரு கையால் பாரின் நுனியை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இது. மரத்தில் வைத்து அழுத்தும்போது பார் மேல்நோக்கித் தள்ளப்படும். நுனி தொங்கிய நிலையில் இறுக்கியிருந்தால், முதல் அறுப்பிலேயே பார் மேலே எழும்பி செயின் தொய்ந்துவிடும். நுனியைத் தூக்கியபடியே திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, பாரின் அடிப்பக்கத்தில் தொங்கும் செயின் பாரோடு ஒட்டும்வரை கொண்டுவர வேண்டும். தூக்கிய கையை விடாமல் ஸ்பேனரால் நட்டை முழுதாக இறுக்க வேண்டும். ஸ்பேனர் தேவையில்லாத, கையால் திருகும் குமிழ் வைத்த மெஷினிலும் செயின் பாரோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு. பாரின் நடுவில் செயினைப் பிடித்து இழுத்தால் சற்றே விலக வேண்டும். கீழ்ப்பற்கள் முழுதாகக் காடியை விட்டு வெளியே வரக்கூடாது. கையுறையோடு செயினைப் பார் மேல் இழுத்தால் தடையில்லாமல் சுற்றி வர வேண்டும். தொய்ந்தால் கழலும். அளவுக்கு மீறி இறுகினால் பார் தேயும், மோட்டார் சூடேறும், பேட்டரி சீக்கிரம் தீரும். எத்தனை மில்லிமீட்டர் விலகலாம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். அதைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

காலையில் சரியாக வைத்தது பத்து மணிக்கே தொய்ந்துவிடுகிறதே என்று கேட்பார்கள். 14 அங்குல பாரின் செயின் சுமார் ஒரு மீட்டர் நீளம். அது 50 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்த நீட்சி முழுவதும் பாரின் ஒரு பக்கத்தில் தொய்வாக இறங்கினால், நடுவில் எட்டு மில்லிமீட்டருக்கும் மேல் தொங்கும். பாரும் கொஞ்சம் நீள்வதால் நடப்பில் இது குறையும். என்றாலும் கீழ்ப்பல் காடியை விட்டு எழும்ப அதுவே போதுமானது. புதுச் செயினில் ஆணிகள் தம் இடத்தில் பொருந்தும்வரை இன்னும் வேகமாகத் தொய்வு வரும். ஆகவே புதுச் செயினென்றால் முதல் சில அறுப்புகளுக்குப் பிறகே நிறுத்திப் பார்க்க வேண்டும், அதன் பிறகும் பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும். பேட்டரி எப்படியும் வெளியே வந்துவிட்டதல்லவா, அந்த நிமிடத்தையே இதற்குக் கொடுக்கலாம்.

சூட்டில் இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அது பாரையும் மோட்டாரின் தண்டையும் இழுக்கும்.

நம் காட்டில் செயினுக்கு இன்னொரு எதிரி மண். கண்மாய்க்குள் நின்ற மரத்தின் அடிப்பட்டையில் வண்டல் ஏறிக் காய்ந்திருக்கும். அதை அப்படியே அறுத்தால் பல் மழுங்கும். தூசி எண்ணெயோடு குழைந்து காடியையும் எண்ணெய்த் துளையையும் அடைக்கும். அடிமரத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு அறுப்பது நல்லது. சிறிய மெஷின்களில் பலவற்றில் எண்ணெய் தானாக வராது. அடிக்கடி கையால் விட வேண்டும். தானாக வரும் மெஷினில், நுனியை ஒரு வெளுத்த கட்டைக்கு நேராகப் பிடித்து ஓடவிட்டால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். டிராக்டரில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது தவறு. அதில் உலோகத் துகள் இருக்கும், தோலுக்கும் கெடுதல். சீவலாக விழ வேண்டிய மரம் மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது வேண்டியது அரம்தான், செயினை மேலும் இறுக்கிப் பயனில்லை.

செயின் கழன்று மாட்டிக்கொண்டாலோ, வளைந்து முறுக்கேறிய கிளைக்குள் பார் சிக்கிக்கொண்டாலோ, முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். சீமைக்கருவேலத்தின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இப்படிச் சிக்குவது அடிக்கடி நேரும். கழன்ற செயினின் கீழ்ப்பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். பிசிறு இருந்தால் அரத்தால் தேய்க்கலாம். விரிசலோ வளைவோ தெரிந்தால் அந்தச் செயினை மீண்டும் மாட்டக்கூடாது.

இதையெல்லாம் வெட்டுகிறவரிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசி இறங்கும் வேலையில், செயினை நிறுத்திப் பார்க்கும் ஐந்து நிமிடம் அவர் கூலியிலிருந்துதான் போகிறது. அதனால்தான் தொய்ந்த செயினோடு இன்னொரு மரம், இன்னொரு மரம் என்று போகிறார்கள். மூட்டம் போடுகிறவர்களும் ஒப்பந்தம் எடுப்பவர்களும் அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேச வேண்டும். மெஷினோடு ஒரு மாற்றுச் செயின், சரியான அளவு அரம், ஸ்பேனர், எண்ணெய், தோல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றை அவர்களே வாங்கித் தர வேண்டும். மாற்றுச் செயின் வாங்கும்போது பாரில் பொறித்திருக்கும் மூன்று அளவுகளையும் கடையில் காட்டுங்கள்: செயின் கண்ணியின் இடைவெளி, காடியின் அகலம், கீழ்ப்பற்களின் எண்ணிக்கை. நீளம் ஒன்றை மட்டும் சொல்லி வாங்கும் செயின் பாரில் ஏறினாலும் காடியில் சரியாக உட்காராமல் போகலாம்.